பெட் 6 சிஸ்டருக்கு ஒரு பெயர் உண்டு: ஐசியூவில் பணிச்சோர்வைக் குறைக்க நாங்கள் செய்தவை

ராஜினாமா கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு அந்தப் பெண் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். 26 வயது. வென்டிலேட்டர் நோயாளியை அவரிடம் ஒப்படைத்துவிட்டால் நான் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை, அப்படி வேலை செய்பவர். சம்பளம் போதவில்லையா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டேன். இரண்டும் இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "இந்த மாசம் பூரா என்னை யாருமே பேர் சொல்லிக் கூப்பிடலை மேடம். பெட் 6 சிஸ்டர், பெட் 9 சிஸ்டர், அவ்வளவுதான். நான் லீவு போட்டாக்கூட பெட் 6-க்கு ஆள் இல்லைன்னுதான் சொல்லுவாங்க."

அப்படிக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் போய்விட்டார், தடுக்க முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடங்களில் எங்கள் 14 படுக்கை ஐசியூவில் நாங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றியவற்றை இங்கே எழுதுகிறேன். நான் 19 வருடமாக ஐசியூவில் இருக்கிறேன், அதில் கடைசி 8 வருடம் இன்சார்ஜ். இன்சார்ஜ் சிஸ்டர்களையும் பிரிவுத் தலைவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் இதில் பாதியை ஒரு ஸ்டாஃப் நர்ஸ் யாருடைய அனுமதியும் கேட்காமல் நாளைக்கே தொடங்கலாம்.

முதலில், எதைத் தேட வேண்டும்

பணிச்சோர்வு என்றால் வெறும் களைப்பு இல்லை. களைப்பு இரண்டு நாள் தூங்கினால் போகும். உளவியல் ஆய்வாளர்களான கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் இதை அளக்க 22 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. மனம் வற்றிப்போவது, எதிரே இருப்பவரை மனிதராக நினைக்க முடியாமல் போவது, தான் செய்வதால் எந்தப் பயனும் இல்லை என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் இதைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை, வேலையிடத்தோடு தொடர்புள்ள நிலை என்றே குறித்திருக்கிறது. எனக்கு இது மிக முக்கியமாகப் பட்டது. ஏனென்றால் பல வருடங்களாக நாங்கள் சோர்ந்துபோனவரைத்தான் சரிசெய்யப் பார்த்தோம். தியானம் செய், நல்லாத் தூங்கு, மனசைத் திடப்படுத்திக்கொள் என்றெல்லாம் சொன்னோம். சரிசெய்ய வேண்டியது பிரிவைத்தான்.

வினாத்தாள் கையில் இல்லாவிட்டாலும் வார்டில் நின்று பார்த்தாலே சில அடையாளங்கள் தெரியும். ரவுண்ட்ஸில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர் கேட்பதை நிறுத்தியிருப்பார். ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் நோயாளியை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரில் எல்லாத் தகவலும் இருக்கும், நோயாளி மட்டும் இருக்கமாட்டார். நான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கவனிப்பது ஒன்று. மயக்கத்தில் இருக்கும் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது நல்ல செவிலியர்கள் பேசுவார்கள். "ஐயா, இப்போ இடது பக்கம் திருப்பறோம், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்பார்கள். பேசிக்கொண்டிருந்தவர் ஒருநாள் பேசாமல் திருப்புகிறார் என்றால், அன்றைக்கே அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

பெயரிலிருந்து தொடங்குங்கள்

இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர் புற்றுநோயோடு மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோது, தன்னிடம் வந்த ஊழியர்கள் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று கவனித்தார். 'வணக்கம், என் பெயர் இது' என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள் என்ற இயக்கத்தை 2013-இல் ஆரம்பித்தார். 2016-இல் அவர் இறந்துவிட்டாலும் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலிலும், கத்தி வைக்கும் முன் குழுவில் எல்லாரும் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அறுவை அரங்கில் ஒன்றிரண்டு மணி நேரம் சேர்ந்து நிற்பவர்களுக்கே அது தேவைப்படுகிறது. 12 மணி நேரம் ஒரே அறையில் உயிரோடு போராடுகிறவர்களுக்கு எவ்வளவு தேவைப்படும்?

நாங்கள் செய்வது இதுதான். ஹேண்ட் ஓவர் முடிந்ததும் நர்சிங் ஸ்டேஷனில் எல்லாரும் இரண்டு நிமிடம் நிற்கிறோம். டியூட்டி டாக்டர், பிசியோதெரபிஸ்ட், வார்டு பாய், ஹவுஸ்கீப்பிங் அக்கா என யாரும் விடுபடக் கூடாது. ஒவ்வொருவரும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். என் பெயர் இது, என் படுக்கைகள் இவை, இன்று எனக்கு இந்த இடத்தில் கை தேவைப்படும்.

மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். முதல் தடவை நான் இதைத் தொடங்கியபோது பெயரை மட்டும் சொல்லவைத்தேன். பள்ளிக்கூட வருகைப்பதிவு மாதிரி ஆகி, இரண்டு வாரத்தில் நின்றுபோனது. மூன்று மாதம் கழித்து மறுபடி தொடங்கியபோது, "பெட் 3-ஐக் குப்புறப் படுக்கவைக்கணும், பத்தரைக்கு 5 பேர் வேணும்" என்று ஒருவர் சொன்னார். பத்தரைக்கு 5 பேர் கூப்பிடாமலே வந்து நின்றார்கள். அன்றிலிருந்து யாரும் அந்த இரண்டு நிமிடத்தைத் தவறவிடவில்லை. உதவி கேட்பது பலவீனம் இல்லை என்று வகுப்பெடுத்துப் புரியவைக்க முடியாது. கேட்டால் கிடைக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

இன்சார்ஜ்தான் முதலில் சொல்ல வேண்டும். தனக்கு எங்கே கை தேவைப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முகக்கவசமும் கவுனும் போட்டால் யார் யார் என்று தெரியாது என்பதால், கவுனின் நெஞ்சுப் பகுதியில் மார்க்கரால் பெரிதாகப் பெயர் எழுதிக்கொள்கிறோம். பெட் நம்பரால் யாராவது கூப்பிட்டால் கோபப்படுவதில்லை. பெயரைச் சொல்லித் திருத்துகிறோம், அவ்வளவுதான்.

கத்தும் குரலை எப்படிக் கையாள்வது

இதைப் பற்றிப் பேச நிறைய பேர் தயங்குவார்கள். ஆனால் எங்கள் பிரிவில் ஆட்களை வேகமாகத் தேய்த்தது வேலைப்பளுவைவிட இதுதான் என்று நினைக்கிறேன்.

இஸ்ரேலில் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2015-இல் வெளியானது. பொம்மைக் குழந்தையை வைத்து நடத்திய பயிற்சியில், சில குழுக்களிடம் வெளியிலிருந்து வந்த ஒரு நிபுணர் லேசாக மட்டம்தட்டிப் பேசினார். பெரிய திட்டு எதுவும் இல்லை. அதற்கே அந்தக் குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் கைவேலையிலும் பின்தங்கிப்போயின. காரணம், ஒருவருக்கொருவர் தகவல் பகிர்வதும் உதவி கேட்பதும் குறைந்துவிட்டது. அதாவது திட்டு வாங்கியவரின் மனம் மட்டும் காயப்படுவதில்லை, படுக்கையில் இருப்பவரும் பாதிக்கப்படுகிறார். மூத்த மருத்துவர்களிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். "சிஸ்டர் மனசு கஷ்டப்படுது" என்றால் சிலருக்குக் காதில் ஏறாது. "நோயாளிக்கு ஆபத்து" என்றால் எல்லாருக்கும் ஏறும்.

எங்களுக்குள் மூன்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். படுக்கை அருகில் யாரும் யாரையும் திருத்தித் திட்டக் கூடாது. நோயாளிக்கு உடனே ஆபத்து என்றால் "நிறுத்துங்க" என்று சொல்லலாம், அதற்கு மேல் அங்கே பேச்சு இல்லை. சொல்ல வேண்டியதை அதே ஷிப்ட் முடிவதற்குள், தனி அறையில், இருவர் மட்டும் உட்கார்ந்து சொல்ல வேண்டும். யாராவது மறந்து குரலை உயர்த்தினால் பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் "இதை முடிச்சிட்டுப் பேசலாம் சார்" என்று சொல்லலாம். இந்த ஒரு வாக்கியத்தை எல்லாரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டு வைத்திருப்பதுதான் முக்கியம். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் யாருக்கும் வாய் வராது.

ஒரு மூத்த மருத்துவர் ரத்த வாயுப் பரிசோதனை தாமதமானதற்காக ஒரு புது நர்ஸைப் பார்த்து எல்லார் முன்பும் கத்தினார். பதில் பேசாமல் இருந்துவிட்டு, மதியம் அவர் அறைக்குப் போனேன். அந்த ஆய்வைச் சொன்னேன். அந்த நர்ஸ் அன்று காலை மீதி நேரம் முழுக்க எதையும் கேட்காமலே வேலை செய்தார் என்பதையும், பொட்டாசியம் குறைந்திருந்ததைச் சொல்லவே 40 நிமிடம் தயங்கினார் என்பதையும் சொன்னேன். அந்த மருத்துவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நாள் ரவுண்ட்ஸில் அந்த நர்ஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நைட்ல உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்டார்.

நல்ல செய்தியைத் தேடிப்பிடித்துக் கொண்டுவாருங்கள்

ஐசியூவில் நாம் ஒரு மனிதரின் மிக மோசமான நாட்களை மட்டும்தான் பார்க்கிறோம். தேறியவர் வார்டுக்குப் போய்விடுவார். அங்கே எழுந்து உட்கார்ந்ததையும், நடந்ததையும், வீட்டுக்குப் போனதையும் நாம் பார்ப்பதில்லை. இறந்தவர்கள் மட்டும் நம் கண் முன்னாலேயே இறக்கிறார்கள். இப்படி வருடக்கணக்கில் போனால், செய்வதெல்லாம் வீண் என்று தோன்றுவதில் என்ன ஆச்சரியம்?

அதனால் வாரம் ஒருநாள், எங்களிடமிருந்து போனவர்களைப் பற்றி வார்டுக்கு போன் செய்து விசாரிக்க ஒருவரைப் பொறுப்பாக்கினோம். வந்த செய்தியைச் சாப்பாட்டு அறைப் பலகையில் பெயர், நோய் விவரம் எதுவும் இல்லாமல் எழுதுகிறோம். "பெட் 11-இல் 23 நாள் இருந்தவர் நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்." அதன் கீழே அவரைப் பார்த்துக்கொண்டவர்களின் பெயர்கள் இருக்கும். வாய் சுத்தம் செய்தவர், படுக்கைப்புண் வராமல் திருப்பியவர், தரை துடைத்தவர் என அத்தனை பேரும். குணமானவர் விரும்பினால், டிஸ்சார்ஜ் நாளில் அவரையும் குடும்பத்தையும் இரண்டு நிமிடம் கதவருகே கூட்டிவரச் சொல்கிறோம். முதல்முறை அப்படி ஒருவர் தன் காலால் நடந்து வந்தபோது, அவருக்குச் சக்ஷன் போட்டு, அதாவது குழாயால் சளியை உறிஞ்சி எடுத்தே கை வலித்த ஒரு நர்ஸ் சுவர் பக்கம் திரும்பி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பாராட்டைப் பொதுவாகச் சொல்லாதீர்கள். "எல்லாரும் நல்லா வேலை செஞ்சீங்க" என்பது யாருக்கும் போய்ச் சேராது. மருந்து ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடியும் துண்டுச்சீட்டுகளும் வைத்திருக்கிறோம். யார், என்ன செய்தார், அது எனக்கு எப்படி உதவியது என்று ஒரே வரியில் எழுதிப் போட வேண்டும். இதில் ஒரு சிக்கல் வரும். கலகலப்பாக இருப்பவர்களுக்கே சீட்டு குவியும், அமைதியானவர்களுக்கும் நைட் டியூட்டிக்காரர்களுக்கும் வராது. யாருக்கு இந்த மாதம் ஒரு சீட்டுகூட வரவில்லை என்று பார்த்து, அவர்கள் வேலையைக் கவனித்து எழுதுவதை இன்சார்ஜ் தன் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். கவனித்த பிறகுதான் எழுத வேண்டும், சும்மா எழுதினால் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

மரணத்துக்குப் பிறகு ஒரு நிமிடம்

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜொனாதன் பார்ட்டெல்ஸ் என்ற செவிலியர் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். நோயாளி இறந்ததும், காப்பாற்றப் போராடிய குழு அப்படியே நின்று சிறிது நேரம் மௌனமாக இருப்பது. எந்த மதச் சடங்கும் இதில் இல்லை. நாங்களும் செய்கிறோம். மானிட்டரை அணைத்துவிட்டு ஒருவர் சொல்வார்: "இவர் நம்மிடம் வருவதற்கு முன் ஒரு வாழ்க்கை வாழ்ந்தவர். இவரை நேசித்தவர்கள் வெளியே இருக்கிறார்கள். இவருக்காக நம்மால் முடிந்ததைச் செய்தோம். ஒரு நிமிடம் நிற்போம்." உங்கள் வார்த்தைகளை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கு விருப்பமில்லையோ அவர்கள் விலகிப் போகலாம்.

மௌனம் மட்டும் போதாது, அதற்குப் பின் வரும் அரை மணி நேரத்தையும் பார்க்க வேண்டும். உடல் போன உடனே, அந்தப் படுக்கை காலியாகிவிட்டதா என்று எமர்ஜென்சியிலிருந்து போன் வரும். உடலைத் துடைத்துக் கட்டிய அதே கைகள் புது நோயாளியின் ஸ்ட்ரெச்சரைப் பிடிக்க வேண்டியிருக்கும். இதை நாங்கள் நிறுத்தினோம். இறந்தவரைப் பார்த்துக்கொண்டவர் 15 நிமிடம் வெளியே போய்விட்டு வர வேண்டும். அந்தப் படுக்கைக்கு வரும் அடுத்த நோயாளியை வேறொருவர் எடுத்துக்கொள்வார். ஆள் இல்லாத நாளில் நான் எடுப்பேன்.

ஆனால் ஒன்று. கடினமான மரணத்துக்குப் பின் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, நடந்ததையும் உணர்ந்ததையும் ஒவ்வொருவராக விவரிக்கும்படி கட்டாயப்படுத்தாதீர்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலைத் தடுப்பதற்காக இப்படி உளவியல் விவரிப்பு அமர்வு நடத்த வேண்டாம் என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2018 வழிகாட்டுதலில் தெளிவாகவே சொல்கிறது. வேலை எப்படி நடந்தது, எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்று 5 நிமிடம் பேசலாம். மனதைப் பேச விரும்புகிறவருக்குத் தனியாக நேரம் கொடுங்கள்.

சில மரணங்கள் வேறு மாதிரி வலிக்கும். இனிப் பலனில்லை என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும் குத்திக்கொண்டும் குழாய் மாற்றிக்கொண்டும் இருக்க நேரும்போது வருவது அது. சரியானது எதுவென்று தெரிந்தும் செய்ய முடியாத இந்தத் தவிப்பை அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் 1984-இல் அறம் சார்ந்த உளைச்சல் என்று பெயரிட்டு எழுதினார். இதற்கு ஆறுதல் மருந்தாகாது. குடும்பத்தோடு நடக்கும் பேச்சில் அந்தப் படுக்கையின் செவிலியரும் உட்கார வேண்டும். "இந்த நோயாளிக்கு நாம எதை நோக்கிப் போறோம்?" என்று ரவுண்ட்ஸில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று மருத்துவத் தலைவரே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

சத்தம்

அலாரத்தைக் குறைப்பதும் அன்புதான். சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஐசியூக்களில், 77 படுக்கைகளில் 31 நாள் கணக்கெடுத்தார்கள். ஒரு படுக்கைக்கு ஒரு நாளில் காதில் விழும் அலாரம் மட்டும் 187. ஷிப்ட் தொடங்கும்போதே அலாரம் அடிக்கும் எல்லைகளை அந்த நோயாளிக்கு ஏற்றபடி டாக்டரோடு பேசி மாற்றி வையுங்கள். நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி எலக்ட்ரோடைத் தினமும் தோலைத் துடைத்துவிட்டு மாற்றுங்கள், பொய் அலாரம் நன்றாகக் குறையும். பக்கத்துப் படுக்கையில் அடித்தால் "அது என் பெட் இல்லை" என்று இருக்காமல், போய்ப் பார்த்துவிட்டு அந்தப் படுக்கையின் செவிலியரிடம் சொல்லுங்கள்.

அன்பு ஆளுக்கு மாற்று இல்லை

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜாடியும் பலகையும் வைத்துவிட்டு, ஒரு செவிலியருக்கு மூன்று வென்டிலேட்டர் நோயாளிகளைக் கொடுத்தால் அது ஏமாற்று. அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கம் 2005-இல் நல்ல பணிச்சூழலுக்கு ஆறு தரங்களை வெளியிட்டது. அர்த்தமுள்ள பாராட்டு அதில் ஒன்று, போதுமான ஆட்கள் இன்னொன்று. ஒன்றைக் கொடுத்து மற்றதை ஈடுகட்டலாம் என்று அதில் எங்கும் இல்லை.

ஐசியூ பிறந்த கதையே கைமாற்றிக்கொண்ட கதைதான். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுவிட முடியாதவர்களுக்கு மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையால் பையை அழுத்திக் காற்று கொடுத்தார்கள். ஒருவர் கை ஓயும்போது அடுத்தவர் வந்தார். நம் இடைவேளையும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஷிப்ட் தொடக்கத்தில் இருவர் இருவராக ஜோடி சேர்த்து, யார் எத்தனை மணிக்கு வெளியே போகிறார், யார் அவர் படுக்கைகளைப் பார்க்கிறார் என்று பலகையில் எழுதிவிடுகிறோம். "நேரம் கிடைத்தால் போ" என்றால் யாரும் போகமாட்டார்கள். பெயரும் நேரமும் எழுதியிருந்தால் ஜோடி வந்து விரட்டுவார். நைட் டியூட்டியில் 20 நிமிடத் தூக்கத்தையும் இதே மாதிரி எழுதுகிறோம். அதற்கு மேல் போனால் எழும்போது தலை மந்தமாகிவிடும், அதனால் எழுப்புவதும் ஜோடியின் வேலை.

தவறிய இடைவேளைகளை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். தேதி, ஷிப்ட், காரணம் போதும். நிர்வாகத்திடம் "எங்களுக்கு ரொம்பக் கஷ்டம்" என்று போய் நின்றபோது எனக்கு எதுவும் கிடைத்ததில்லை. மூன்று மாத நோட்டைக் கொண்டுபோய் வைத்தபோது இரவுக்கு ஒரு கூடுதல் ஆள் கிடைத்தார். யாருக்கு எந்த ஷிப்ட் என்ற ரோஸ்டரையும் நான்கு வாரத்துக்கு முன்பே ஒட்டிவிடுங்கள். தன் குழந்தையின் பிறந்தநாளுக்கு இருக்க முடியுமா என்று முந்தின நாள்வரை தெரியாமல் இருப்பது ஒரு தண்டனை.

ஏற்கெனவே கருகிப்போனவரிடம்

வராந்தாவில் நிறுத்தி "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்றுதான் பதில் வரும். உட்காரவைத்து, நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். "போன மாசம் வரைக்கும் திருப்பும்போது பேசிக்கிட்டே செய்வே. இப்போ பேசறதில்லை. நான் கவனிச்சேன்." அப்புறம் நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அமைதி நீண்டாலும் நிரப்பாதீர்கள். அறிவுரை வேண்டாம், உங்கள் காலத்துக் கதையும் வேண்டாம். உங்களால் உண்மையிலேயே செய்ய முடிந்ததை மட்டும் முன்வையுங்கள். இரண்டு வாரம் பகல் டியூட்டி, நீண்ட நாள் கிடக்கும் அந்த ஒரு படுக்கையிலிருந்து மாற்றம், அல்லது விடுப்பு. பேசியது எதுவும் வருடாந்திர மதிப்பீட்டில் வராது என்று சொல்லி, அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் அது இன்சார்ஜ் கையாளும் விஷயம் இல்லை. அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

விடுப்பு முடிந்து திரும்பும் முதல் வாரத்தில் அவருக்கு ஆக மோசமான நோயாளியைக் கொடுக்காதீர்கள், ஒன்றும் கொடுக்காமலும் விடாதீர்கள். ஓரளவு நிலையாக இருக்கும் ஒருவரை முழுப் பொறுப்போடு கொடுங்கள். முதல் நாள் நான் அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுவேன். லாக்கர் சாவியைத் தயாராக வைப்பேன். இடையில் மருந்து செலுத்தும் புது பம்ப் ஏதாவது வந்திருந்தால், மற்றவர்கள் முன்னால் திணற வேண்டியிராமல் அதை ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிடுவேன். ஹேண்ட் ஓவர் முடிந்து எல்லாரும் நிற்கும்போது, அவர் எங்கே இருந்தார், ஏன் போனார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் முறை வந்ததும் பெயரையும் படுக்கையையும் சொல்கிறார், எங்கே கை தேவைப்படும் என்றும் சொல்கிறார்.